அலமாரிக்குள் இருந்த வால்வு

மார்ச் 4, செவ்வாய்

கல்யாண வீட்டிலிருந்து நேற்று திரும்பினோம். மூன்று நாள் சொந்தக்காரர்களிடம் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள் தாடை வலி என்று சொன்னால் டாக்டர் உடனே நாற்காலியைக் காட்டுவார், அதனால் சொல்லவில்லை. படியேறும்போது தம்பி, "எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, வேலை கெடைச்சுதான்னு. ஒரு அட்டைல எழுதிக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்திருக்கலாம்" என்றான். பன்னம்மா சிரித்து மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஜோக்குக்குச் சிரிப்பது அவளுக்கு ஒரு வியாதி. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குணமாகவில்லை.

பன்னம்மா நான் வைத்த பெயர். தம்பி பெண்டாட்டி. போன வருஷம் கம்பெனியை மூடி அவனை வீட்டுக்கு அனுப்பியதும் இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். அதுவரை இந்த வீட்டில் நான் ஒருத்திதான். என் ஓவன் அடுப்புக்குக் கீழே பெட்டிப் பாம்பாகக் கிடந்தது. அதற்குள் வாணலி அடுக்கி வைத்திருந்தேன். அவள் வந்த வாரமே வாணலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு பன் சுட்டாள். தெருவில் பாதிப் பேர் இப்போது அவள் பன்னைத்தான் தின்கிறார்கள்.

இன்று சாயங்காலம் ஓவன் பற்றிக்கொள்ளவில்லை. டிக் டிக் டிக் என்று பொறி அடிக்கிறது, நெருப்பு வரவில்லை. மேலே அடுப்பு நன்றாக எரிகிறது. ஊருக்குப் போய்வந்த அலுப்பு அதற்கும் இருக்கும் என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

என் தம்பி கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் அந்தப் பொருளை நாம் மறந்துவிட வேண்டியதுதான். இன்று கிளினிக்கிலிருந்து வந்தபோது ஓவன் கதவு கூடத்தில் இருந்தது. கம்பித் தட்டுகள் சோபாவில். அவன் தலை மட்டும் ஓவனுக்குள்.

"பொறி வருதுக்கா. கேஸ்தான் வரல. பர்னர் ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு."

அடைத்தது எது என்று அவளே சொன்னாள். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் பன்னுக்கு மேலே ஊற்றிய சர்க்கரைப் பாகு தட்டிலிருந்து வழிந்து கீழே கொட்டிவிட்டதாம். துடைத்தாளாம், சரியாகத் துடைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது ஹோம்வொர்க் மறந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

அவள் பதறுவதில் அர்த்தம் இருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கிற பெரிய அலுவலகத்தின் கேன்டீன்காரர் தினமும் பிரெட்டும் பன்னும் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை சுட்டுக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் நிரந்தர ஆர்டர். ஆர்டர் கிடைத்தால் இவர்கள் தனியாக வீடு பார்ப்பதாக ஏற்பாடு. தம்பி கல்யாண வீட்டில் வைத்துத்தான் சொன்னான்: "உனக்கும் எவ்வளவு நாள்தான்கா பாரமா இருக்கறது?"

"ஆமாமா, நல்லதுதான்" என்றேன். ஏன் அவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் வந்தார். தம்பி கழற்றியதை மாட்டவே அவருக்குப் பாதி நேரம் போயிற்று. கம்பி விட்டுக் குத்தினார், ஊதினார், தட்டினார். பற்றவில்லை. உள்ளே இருக்கிற ஏதோ பாகம் போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை புதுசு கொண்டுவருகிறேன் என்று போய்விட்டார். பன்னம்மா சாப்பிடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்ல.

கிளினிக்கைப் பூட்டும்போது டாக்டர் வழக்கம்போலக் கேட்டார்: "காத்து லைனை மூடிட்டீங்களா?" டிரில் ஓடுவதற்கு ஒரு கம்ப்ரெசர் இருக்கிறது, தினமும் அதன் குழாயைத் திருகி மூடுவது என் வேலை. "மூடிட்டேன் சார்" என்றேன். சொன்ன வாயை மூடவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மூடிவிட்டேன். ஓவனையும் நான்தான் மூடிவிட்டேன்.

எனக்குக் கேஸ் என்றால் பயம். தனியாக இருந்த காலத்தில் ராத்திரி எழுந்து எழுந்து மோந்து பார்ப்பேன். இந்த அடுப்பை மாட்டிய ஆளிடம் அடம்பிடித்து, ஓவனுக்குப் பிரிகிற குழாயில் தனியாக ஒரு வால்வு வைக்கச் சொன்னேன். "யாருமே வைக்கறதில்லம்மா" என்று முனகிக்கொண்டே வைத்தார். பக்கத்து அலமாரிக்குள், பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராக இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் சிலிண்டரையும் மூடுவேன், அதையும் மூடுவேன். திரும்பி வந்தால் சிலிண்டரைத் திறப்பேன். அதைப் பல தடவை மறந்துவிடுவேன், எப்போதாவது ஞாபகம் வந்தால் திறப்பேன். மறந்தால் என்ன, உள்ளே வாணலிதானே இருந்தது? இந்தத் தடவையும் அப்படியே மறந்திருக்கிறேன். அது ஒன்று இருப்பது இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அடச்சே, இவ்வளவுதானா என்று சிரிப்பே வந்துவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம், தம்பி இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டுவான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சத்தியமாக அப்படித்தான் வந்தேன்.

பன்னம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிரெட் டின்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் போய் அலமாரியைத் திறந்து குனிந்தேன்.

"அண்ணி, நாங்க கேட்டு வெச்ச வீட்டுக்காரர் போன் பண்ணாரு" என்றாள். "மாடி போர்ஷன். வெளிச்சம் அப்படி வருமாம். சமையல் ரூம் இதை விடப் பெருசாம். ஆர்டர் கெடைச்சா அடுத்த மாசமே வந்துடலாம்னு சொல்றாரு. இங்க என்னடான்னா இது இப்படிக் கெடக்கு."

என் கை பாத்திரங்களுக்கு நடுவில் இருந்தது. வால்வு விரலில் பட்டது. குளிர்ந்திருந்தது.

அடுத்த மாசமே.

ஒரு பெரிய பாத்திரத்தை வெளியே இழுத்தேன்.

"எதுக்கு அண்ணி அவ்ளோ பெரிய பாத்திரம்?"

"சும்மா... தூசியா இருந்துச்சு. கழுவலாம்னு."

கழுவினேன். ஊருக்கே சமைக்கிற பாத்திரத்தை, ஒரு கரி கூட இல்லாததை, நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாளில் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

மார்ச் 8, சனி

சொல்லவில்லை. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் புதுப் பாகத்தோடு வந்தார். மாட்டினார். டிக் டிக் டிக். இன்னொன்றை மாட்டினார். டிக் டிக் டிக். தலையைச் சொறிந்துகொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேல கேஸ் வருது. கீழ மட்டும் வரல. எல்லாம் ஒரே லைன்தானேம்மா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வீடு என்னுடையது, கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

"ஒரே லைன்தான்" என்றேன்.

ஒரே லைனாக வந்துதான் பிரிகிறது, அதனால் அது பொய்யில்லை என்று எனக்குள்ளே ஒரு வக்கீல் எழுந்து வாதாடுகிறான். வாயை மூடு. நேற்று வரைக்கும் சொல்லாமல் இருந்தேன், இன்று பொய் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை.

மத்தியானம் பன்னம்மா பாட்டுக்கு ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு ஓவனுக்குள் தலையை விட்டு, பர்னர் ஓட்டை ஒவ்வொன்றையும் குத்த ஆரம்பித்தாள். எத்தனை ஓட்டை! ஒன்று முடித்து அடுத்தது, அடுத்தது முடித்து அதற்கடுத்தது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி ஏறவில்லை. ஊசி வழுக்கி விரலில் ஏறிவிட்டது. பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மருந்து போடும்போது அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ரொம்ப எரியுதா?"

"இல்ல அண்ணி. உங்க ஓவனைக் கெடுத்துட்டேன். தங்க இடம் குடுத்தீங்க, வந்து பொருளை ஒடச்சுட்டேன். போறதுக்கு முன்னாடி எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"போகுது விடு" என்றேன். போகுது விடு! பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறேனாம் நான். எனக்கு வெட்கமே இல்லை.

ஏன் செய்கிறேன்? இதையாவது நேராக எழுதுகிறேன். தம்பிக்காக இல்லை. அவன் எங்கே போனாலும் என் தம்பிதான். எனக்கு இவள் போகக்கூடாது. ஆறு மணிக்கு நான் வரும்போது டீ போட்டு வைத்திருப்பாள். இன்னிக்கு யார் வாயில என்ன இருந்துச்சு அண்ணி என்று கேட்பாள். பல்செட்டை டம்ளரில் மறந்துவிட்டுப் போனவர், மயக்க ஊசி போட்டதும் டாக்டரையே திட்டியவர் என்று நான் ஒவ்வொருவராகச் சொல்வேன். இத்தனை வருஷம் இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அடித்துக்கொள்வார்கள் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். நாங்கள் அடித்துக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு மோசமாக ஒன்றைச் செய்திருக்கமாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

முனைக் கடை பேக்கரிக்காரர் தன் வேலை முடிந்தபின் அவருடைய ஓவனில் சுட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பன்னம்மா முகத்தில் உயிர் வந்துவிட்டது. எனக்கும். அங்கே நன்றாக வந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லையே! என் புத்தி போகிற போக்கைப் பார்.

மார்ச் 11, செவ்வாய்

வரவில்லை.

தெரியாத ஓவன், அது நெருப்பைக் கக்குகிற ராட்சசன். அடி கருகி, நடு வேகவில்லை. வேறு மாவு பிசைய நேரமில்லாமல் அதையே கொண்டுபோயிருக்கிறார்கள். கேன்டீன்காரர் ஒன்றை அறுத்து, நடுவில் விரலால் அழுத்தி, "மாவா இருக்கேம்மா" என்று விரலைத் துடைத்துக்கொண்டாராம். தம்பி கூடப் போயிருக்கிறான். அவனுக்கு அங்கே என்ன அவமானமோ, அத்தனையும் வீட்டுக்கு வந்து அவள் தலையில் கொட்டினான்.

"ஆரம்பத்துலயே சொன்னேன். இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குச் சரி. தொழில்னா ஒரு இது வேணும். ஒரு பாகை ஒழுங்கா ஊத்தத் தெரியல உனக்கு."

வேலை போனதிலிருந்து யாரிடமும் காட்ட முடியாத கோபம் அவனிடம் நிறைய இருக்கிறது. எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும், அதனால்தான் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். இன்று டின்களைக் கழுவினாள், காயவைத்தாள், ஒரு சாக்கில் போட்டுக் கட்டி ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் வைத்தாள். வெளிறிய முகத்தோடு இறங்கி வந்து, "அண்ணி, சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

ஆர்டர் போய்விட்டது. வீடு போய்விட்டது. நான் நினைத்தது நடந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

விடிந்ததும் முதல் வேலையாக, அவர்கள் எழுந்திருக்கும் முன், அலமாரிக்குள் கையை விட்டு வால்வைத் திறந்துவிட்டேன். கால் திருகு. அவ்வளவுதான்.

அவள் பல் தேய்த்துவிட்டு வந்ததும், "ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்" என்றேன். எப்படி நடித்தேன் தெரியுமா, சினிமாவில் போயிருந்தால் முன்னுக்கு வந்திருப்பேன். திருகினாள். டிக் டிக், குப்பென்று பற்றிக்கொண்டது. நீலமாக ஒரே வரிசையில் எரிந்தது. தம்பி ஓடிவந்து குதித்தான். "பாத்தியா, பாகு தானா கரைஞ்சிருக்கு!" என்றான்.

நான் என்ன நினைத்தேன்? ஓவன் எரிந்தால் முடிந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியாமல் எல்லாம் பழையபடி ஆகிவிடும், கேன்டீன் போனால் இன்னொன்று வரும் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தாள்.

"டின்னை எறக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம் அண்ணி. இதுல தப்பில்ல, என் கைலதான் ஏதோ இருக்கு. யார்கிட்டயாவது ஆர்டர் வாங்கிட்டு மறுபடி இப்படி ஆச்சுன்னா? துணிக்கடைல ஆள் எடுக்கறாங்களாம். போய்க் கேக்கப் போறேன்."

தம்பி, "அதுவும் நல்லதுதான்" என்றான்.

கெட்டது ஓவன் இல்லை. அதை எந்த வால்வைத் திறந்து சரிசெய்வது? நானே வாயைத் திறந்தால்தான் உண்டு.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டீயை இன்று நான் போட்டேன். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கிளினிக்கில் பல் பிடுங்குவதற்கு முன் டாக்டர் ஏதேதோ பேச்சுக் கொடுப்பார், எனக்கு அந்த வித்தை வரவில்லை. நேராகச் சொன்னேன்.

"ஓவன் உன்னால கெடல. பாகும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் மூடி வெச்சிருந்தேன்."

"என்னத்தை அண்ணி?"

கூட்டிக்கொண்டு போனேன். பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்து, காட்டினேன். அவள் மண்டிபோட்டு உள்ளே பார்த்தாள். கையை விட்டுத் திருகி மூடினாள். எழுந்து ஓவனைப் போட்டாள். டிக் டிக் டிக். மறுபடி குனிந்து திறந்தாள். போட்டாள். எரிந்தது. அதையே இன்னொரு தடவை செய்தாள்.

"ஊருக்குப் போறப்ப மூடினீங்களா? மறந்துட்டீங்களா?" குரல் இன்னும் அன்பாகத்தான் இருந்தது. மறந்தேன் என்று ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். அவளே வழி காட்டிக் கொடுத்தாள்.

"மறந்துதான் போனேன். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துடுச்சு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையா? அப்ப ஞாயித்துக்கிழமை மெக்கானிக் கேட்டாரே..."

"தெரியும்."

"நான் ஊசியை வெச்சுக் குத்திக்கிட்டு இருந்தப்ப?"

"தெரியும்."

"நான் உங்ககிட்ட அழுதேனே அண்ணி?"

அதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏன்?" என்றாள்.

"நீங்க போயிடுவீங்கன்னு." இத்தனை வயசுக்குப் பிறகு இப்படி ஒரு பதில். சொல்லும்போது சின்னப் பிள்ளை சாக்குச் சொல்வது மாதிரி என் காதுக்கே கேட்டது.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன கல்லா?" என்றாள். பிறகு பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினாள், வால்வை மறைக்காமல் ஓரமாக. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டீ அப்படியே ஆறிப்போயிற்று.

தம்பி ராத்திரி என் அறை வாசலில் வந்து நின்றான். ஒரு கிண்டல், ஒரு கேலி, ஒன்றும் இல்லை. "அக்கா, நான் அவளை என்னென்ன பேசிட்டேன் தெரியுமா?" என்றான். அதை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 14, வெள்ளி

ஆறு மணிக்கு மேசை மேல் டீ இருந்தது. மூடி போட்டு வைத்திருந்தாள். ஆள் இல்லை.

மார்ச் 15, சனி

லீவு போட்டேன். முதலில் மெக்கானிக் கடைக்குப் போனேன். சொன்னதும் அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. தொழிலையே மறந்துட்டேனோன்னு பயந்துட்டேன்" என்றார். திட்டினார். நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் கேன்டீன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம், வேறு நேரம் பார்த்துப் போயிருக்கலாம். தட்டும் கையுமாக வரிசை நிற்கிறது. கேன்டீன்காரர் ஆள் பெரிய உருவம், கரண்டியை நிறுத்தாமலே பேசுகிறார்.

"பிரெட் வேகலம்மா. அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஓவன் மேல தப்பில்லீங்க. அவ மேலயும் தப்பில்ல. வீட்டு ஓவனுக்கு வர்ற கேஸை மூடி வெச்சது நான். அதனாலதான் தெரியாத ஓவன்ல போய்ச் சுட்டா."

கரண்டி நின்றது. "நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரனோட அக்கா."

"மூடி வெச்சீங்களா? எதுக்கு?"

வரிசையில் முன்னால் நின்ற நாலைந்து பேர் என்னையே பார்த்தார்கள். கூசிப்போயிற்று. "அவ நல்லா வந்துட்டா வீட்டை விட்டுப் போயிடுவான்னு. பொறாமைன்னு வெச்சுக்கங்க, கெட்ட எண்ணம்னு வெச்சுக்கங்க. இன்னொரு தடவை மட்டும் அவ கொண்டுவர்றதை வாயில போட்டுப் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்லயும் ஒரு அக்கா இருக்கு" என்றார். "செவ்வாய்க்கிழமை கொண்டாரச் சொல்லுங்க. நீங்க வராதீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தம்பியிடம்தான் சொன்னேன். அவன் போய் அவளிடம் சொன்னான். அறைக்குள் ரொம்ப நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. அவன் குரல் கெஞ்சுகிற குரலாக இருந்தது. சிறு வயதில் என்னிடம் அப்படிக் கெஞ்சுவான்.

மார்ச் 16, ஞாயிறு

சாக்கு பரணிலிருந்து இறங்கிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

சமையலறைப் பக்கம் தலைகாட்டவில்லை. தாகம் எடுத்தும் தண்ணீருக்குக்கூடப் போகவில்லை. கதவிடுக்கு வழியாக வாசனை மட்டும் வந்தது. அவன் தட்டுகளைத் தூக்கிக் கொடுக்கிறான், அவள் "மெதுவா, மெதுவா" என்கிறாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போனதும்தான் வெளியே வந்தேன்.

கிடைத்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. மாடிப்படியில் தம்பி போட்ட கூச்சலிலேயே தெரிந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, எழுதுவதற்காகச் சொல்லவில்லை. குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், அதுவும் உண்மைதான்.

மார்ச் 30, ஞாயிறு

போய்விட்டார்கள். மாடி போர்ஷன்தான். அந்த வீட்டுக்காரர் காத்திருந்திருக்கிறார்.

சாமான் ஏற்றும்போது, "ஓவனையும் எடுத்துட்டுப் போ" என்றேன். இரண்டு வாரமாக என்னிடம் தேவைக்கு மேல் பேசாதவள் நின்று திரும்பினாள்.

"எடுத்துக்கறேன். வேலைக்கு வேணும். ஆனா இதைக் குடுத்ததால சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"நான் நல்லா இருக்கணும்னு உங்களுக்குத் தோணியிருக்கும், எனக்குத் தெரியும். அதான் அண்ணி ஜாஸ்தி வலிக்குது."

மெக்கானிக் வந்து கழற்றினார். குழாய் வாயை அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி எனக்குக் காட்டினார். குமிழி வரவில்லை. "இனிமே பயமில்லாம தூங்குங்க" என்றார். அவர் குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் கேட்டார், ஏன் உற்சாகமே இல்லை என்று. பல்வலி என்றேன். நாற்காலியைக் காட்டினார்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று ஒருத்தர், பல் பிடுங்கியதை மனைவியிடம் காட்ட வேண்டும், பொட்டலம் கட்டித் தாருங்கள் என்று அடம்பிடித்தார். வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லை. என்னிடமே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பி போன் செய்தான். "வாக்கா. இங்க கை பத்தல."

"அவ கூப்டாளா?"

"கூப்டல. நீ வரியான்னு கேட்டா. ரெண்டும் ஒண்ணுதான், கெளம்பு."

போனேன். வெளிச்சம் நிஜமாகவே அப்படி வருகிறது. ஜன்னலை ஒட்டி நீள மேசை, மேசை முழுக்க மாவு. கேன்டீனுக்குப் போக இன்னும் இரண்டு கடை சேர்ந்திருக்கிறதாம். தம்பி முழங்கை வரை மாவோடு டின்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வேலை கிடைத்ததா என்று இனி யாராவது கேட்டால் முதுகைக் காட்டச் சொல்கிறான், அங்கேயும் மாவு.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

கழுவிக்கொண்டு வந்தேன். என் முன்னால் ஒரு கட்டி மாவை வைத்தாள். பிசைந்தேன். தப்பாகப் பிசைந்திருப்பேன் போல, எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையால் தள்ளுங்க, இழுங்க என்று இரண்டு தடவை செய்து காட்டினாள். பிறகு விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் மாவு மேசையில் அடிபடுகிற சத்தம்தான்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "இன்னும் கோவமா?"

"ஆமா."

தம்பி சட்டென்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அவள் ஒரு கட்டியை உருட்டி டின்னில் போட்டாள். அடுத்ததையும் உருட்டிப் போட்டாள்.

"கோவம் போனா நானே சொல்றேன்" என்றாள். "அதுவரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போங்க."

சரி என்றேன். இன்னொரு கட்டி மாவை என் பக்கம் தள்ளினாள்.